பூட்டிக் கிடந்த மூன்று கேலரிகள்



பருப்பு விலையும் வரி விகிதமும் வரும் இந்தப் பக்கத்தில் கிரிக்கெட் மைதானத்தைப் பற்றி எழுத வந்துவிட்டோமே என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். காரணம் இருக்கிறது. நம் உறுப்பினர்கள் நான்கு பேர் கூடுமிடத்தில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. "சேப்பாக்கத்தில் கோடிக்கணக்கில் செலவழித்து விதிக்குப் பொருந்தாமல் கேலரி கட்டினார்கள். கடைசியில் என்ன ஆயிற்று? திறந்துவிட்டார்கள். நம் கடையில் மூன்றடி கூடுதலாகக் கட்டினால் மட்டும் சீல் வைக்கிறார்கள். பெரிய இடத்துக்கு ஒரு நியாயம், கடைக்காரனுக்கு ஒரு நியாயமா? ஆகவே விதிமீறிய கடைக் கட்டடங்களுக்கு இன்னொரு முறை வரன்முறை கேட்டு அரசுக்கு மனுக் கொடுக்க வேண்டும்" என்பது அந்தப் பேச்சு. வரும் பொதுக்குழுவில் இதையே தீர்மானமாகக் கொண்டுவரவும் சிலர் எண்ணியிருப்பதாக அறிகிறோம்.

இந்தத் தீர்மானம் வேண்டாம் என்பது நம் தாழ்மையான கருத்து. சேப்பாக்கத்தில் நடந்ததைப் பாதி கேட்டுவிட்டுப் பேசுகிறோம். முழுவதையும் கேட்டால், நாம் சாட்சிக்கு அழைக்கும் அந்த மைதானமே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

மைதானத்தின் பெருமை

சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் 1934 பிப்ரவரியில் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது. இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடின. அதே ஆண்டு நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும், சென்னைக்கும் மைசூருக்கும், அங்கேதான் நடந்தது. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952 பிப்ரவரியில் கண்டதும் இந்த மண்ணில்தான். 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் வெற்றி தோல்வியின்றிச் சமநிலையில் முடிந்தது. 1999 ஜனவரியில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் நாம் தோற்றபோது, சென்னை மக்கள் எழுந்து நின்று அந்த அணிக்குக் கை தட்டினார்கள். தோற்ற வருத்தத்திலும் எதிராளியின் திறமையை மதித்த கூட்டம் என்று உலகமே பாராட்டியது.

இன்னொரு பெருமை நம் வணிக உலகத்தைச் சேர்ந்தது. மைதானம் தாங்கி நிற்பது எம்.ஏ.சிதம்பரம் அவர்களின் பெயரை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன், தொழிலதிபர், இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தவர். நகரத்தார் குடும்பத்தில் பிறந்த ஒருவர் பெயரால் நாட்டின் பழமையான மைதானங்களில் ஒன்று விளங்குவது நமக்கெல்லாம் மகிழ்ச்சியே.

புதுப்பித்தார்கள், பூட்டினார்கள்

பழைய கேலரிகளில் தூண்கள் பார்வையை மறைக்கும். வெயிலும் புழுக்கமும் சொல்லி மாளாது. 2011 உலகக் கோப்பை வருகிறது என்று 2009இல் மைதானத்தைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். லண்டனைச் சேர்ந்த ஹாப்கின்ஸ் கட்டடக் கலைஞர்களும் சென்னையைச் சேர்ந்த நடராஜ் அண்ட் வெங்கட் நிறுவனமும் வரைபடம் போட்டார்கள். செலவு சுமார் 175 கோடி ரூபாய். தூண் மறைக்காத கேலரிகள், கூடாரம்போல இழுத்துக் கட்டிய கூரை, கடற்காற்று உள்ளே வர இடையிடையே திறப்பு என்று வேலை நன்றாகவே நடந்தது. அதைக் குறை சொல்வதற்கில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. புதிதாக எழுந்த ஐ, ஜே, கே என்ற மூன்று கேலரிகளில் சுமார் 12,000 பேர் உட்காரலாம். அவற்றை ஒட்டி மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடம் நின்றது. இந்தக் கிளப் 1846இல் தோன்றியது. மைதானத்தோடு தலைமுறை தலைமுறையாக உறவுள்ளது. நிலமோ அரசுக்குச் சொந்தம், குத்தகையில் இருப்பது. கேலரிக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நடுவே விதிப்படி இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. கேலரியைக் கட்டியவர்களுக்கும் கூடத்தின் சொந்தக்காரர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. அனுமதி சிக்கலாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

2011 உலகக் கோப்பையில் மக்கள் அந்தக் கேலரிகளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். 2012க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. ஆட்டம் நடக்கும், மற்ற கேலரிகள் நிரம்பி வழியும், டிக்கெட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே நிற்பார்கள், இந்த மூன்று கேலரிகள் மட்டும் காலியாகக் கிடக்கும். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தவர்கள் அனைவரும் இதைக் கண்டிருப்பார்கள்.

முடங்கிய முதலின் கணக்கு

வட்டிக் கணக்குப் பார்க்கத் தெரிந்த நாம் இதைக் கணக்கோடு பார்ப்போம். ஒரு இருக்கைக்குச் சராசரியாக 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12,000 இருக்கைக்கு ஒரு ஆட்டத்தில் 1 கோடியே 20 லட்சம். ஒரு பருவத்தில் ஏழு ஆட்டம் நடந்தால் 8 கோடியே 40 லட்சம். இது நாமாகப் போட்ட உத்தேசக் கணக்குதான். என்றாலும் போட்ட முதல் எப்படி உறங்கியது என்பதை விளங்கிக்கொள்ள இது போதும். கிட்டங்கி நிறையச் சரக்கு வாங்கி வைத்துச் சாவியைத் தொலைத்தவன் கதைதான்.

இழப்பு மைதானத்தோடு நிற்கவில்லை. 2016 டி20 உலகக் கோப்பையில் ஆடவர் ஆட்டங்கள் சென்னைக்குக் கிடைக்கவில்லை. 2019 ஐ.பி.எல். இறுதி ஆட்டம் சென்னையில் நடப்பதாக இருந்தது. இந்த மூன்று கேலரிகளையும் திறக்க முடியாத காரணத்தால் ஐதராபாத்துக்குப் போய்விட்டது. ஒரு இறுதி ஆட்டம் கைவிட்டுப் போனால் திருவல்லிக்கேணி லாட்ஜுக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், வாசலில் கொடியும் பனியனும் விற்பவர், சுண்டல் விற்கும் பையன் என்று எத்தனை பேருடைய அன்றைய வரும்படி போயிற்று என்பதை வியாபாரிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கேலரி கட்டியவரும் வழக்காடியவரும் அந்த நட்டத்தைத் தாங்கிவிடுவார்கள். சுண்டல் விற்பவன் தாங்குவானா?

எப்படித் திறந்தது?

இப்போது நம் உறுப்பினர்கள் சொல்லாமல் விடும் பாதிக்கு வருவோம். அந்த மூன்று கேலரிகளும் 2021 பிப்ரவரியில், இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்டுக்குத் திறந்தன. கொரோனாக் காலமாதலால் பாதிக் கூட்டத்துக்குத்தான் அனுமதி. சரி, எப்படித் திறந்தன? யாராவது "போனால் போகிறது" என்று விதியைத் தளர்த்தினார்களா? பெரிய மனிதர்கள் சிபாரிசுக்குப் போய்க் காரியத்தை முடித்தார்களா?

இல்லை. நெருக்கிக்கொண்டு நின்ற உடற்பயிற்சிக் கூடத்தை இடித்தார்கள். விதி கேட்ட இடைவெளி உண்டாயிற்று. அதன்பிறகே கதவு திறந்தது. சுமார் ஒன்பது ஆண்டுகள் வாதாடிய பிறகு, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தார்கள். ஆகச் சேப்பாக்கம் விலக்குப் பெற்ற கதை என்று நாம் மேடையில் பேசினால், விவரம் அறிந்த அதிகாரி ஒருவர் எழுந்து இந்த ஒரு செய்தியைச் சொல்லி நம் வாயை அடைத்துவிடுவார்.

அதற்குப் பிறகு மைதானத்தின் இன்னொரு பக்கத்தில் பழைய பெவிலியன் கட்டடங்களையும் எடுத்துவிட்டுச் சுமார் 139 கோடி ரூபாய்ச் செலவில் புதிய கேலரி எழுப்பினார்கள். 2023 மார்ச் 17 அன்று முதலமைச்சர் அதைத் திறந்து வைத்தார். பழைய பெவிலியன் போனதில் மனம் வருந்திய பெரியவர்களும் உண்டு. அவர்கள் வருத்தம் நியாயமானதே. ஆனால் பூட்டு விழவில்லை. அதே ஆண்டு உலகக் கோப்பை ஆட்டங்கள் அங்கே நடந்தன. 2024 மே மாதம், ஐந்தாண்டுகளுக்கு முன் கைநழுவிய ஐ.பி.எல். இறுதி ஆட்டமும் சேப்பாக்கத்துக்கே வந்தது. இடைவெளிச் சிக்கலைத் தீர்த்த பிறகு அந்த மைதானத்துக்கு நட்டம் ஒன்றும் வரவில்லை, வரவுதான் வந்தது.

இடைவெளி யாருக்காக?

"அந்த இடைவெளி என்ன பெரிய விஷயம், நாலு கஜ நிலம்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. கட்டடத்தைச் சுற்றி விடும் இடம் தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்புவதற்கான இடம். உள்ளே இருப்பவர்கள் நெரிசலின்றி வெளியே ஓடுவதற்கான இடம். ஒன்றும் நடக்காத நாளில் அது வீணாகக் கிடக்கும் நிலம்போலத் தோன்றும். நடக்கும் நாளில்தான் அதன் விலை தெரியும்.

இங்கிலாந்தில் பிராட்போர்டு என்ற ஊரில் பழைய மரக் கேலரி ஒன்று இருந்தது. அதன் கூரையை மாற்றுவதாகத் திட்டமிட்டு, பருவம் முடிந்ததும் வேலையைத் தொடங்க இருந்தார்கள். 1985 மே 11 அன்று பருவத்தின் கடைசிக் கால்பந்து ஆட்டம். இருக்கைகளுக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த குப்பையில் தீப்பிடித்தது. ஒரு சில நிமிடங்களில் கேலரி முழுவதும் எரிந்தது. பின்பக்கம் ஓடியவர்களுக்கு வாசல்கள் பூட்டியிருந்தன. 56 பேர் மாண்டார்கள். புதுப்பிக்கும் வேலைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை.

நம் பக்கத்து மாநிலத்தில் 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் வெற்றி விழாக் காணக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 11 பேர் உயிரிழந்தார்கள். நகரின் நடுவே, நாற்புறமும் சாலையும் கட்டடமும் நெருக்கும் பழைய மைதானம் அது. ஆட்டத்தைக் காண வந்த கூட்டமும் இல்லை. வாசலுக்கு வெளியே நின்ற கூட்டம்.

வெளியூர்க் கதை வேண்டாம் என்றால் நம் ஊருக்கே வருவோம். 2018 பிப்ரவரி 2 அன்று இரவு மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் இருந்த பகுதியில் தீப்பிடித்தது. நாயக்கர் காலத்துக் கல் மண்டபம் சிதைந்தது. அதன்பின் கோயிலுக்குள் இருந்த கடைகள் வெளியேற வேண்டியதாயிற்று. பரம்பரையாக அங்கே வளையலும் குங்குமமும் விற்ற குடும்பங்கள் பிழைப்பிடத்தை இழந்தன.

2020 நவம்பர் 14, தீபாவளியன்று அதிகாலை, விளக்குத்தூண் அருகே நவபத்கானா தெருவில் ஒரு பழைய கட்டடத்தில் இருந்த ஜவுளிக் கடையில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர் கட்டடம் இடிந்து விழுந்து உயிரிழந்தார்கள். ஊரே புத்தாடை உடுத்திக்கொண்டிருந்த நேரத்தில், நம் சரக்கைக் காப்பாற்ற வந்த இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் போனார்கள். அந்தத் தெருவின் அகலமும் நமக்குத் தெரியும். தீபாவளி நேரத்தில் அங்கே எப்படிச் சரக்கு அடைந்திருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். இதை மறந்துவிட்டு இடைவெளி எதற்கு என்று நாம் கேட்கக்கூடாது.

உறுப்பினர்களின் மனக்குறை

இவ்வளவும் சொன்னபின், நம் உறுப்பினர்களின் மனக்குறையில் உண்மை இல்லையா என்றால், இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை.

நம் தெருவில் ஒரு பாத்திரக் கடைக்காரர். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர் கடைக்குச் சீல் வைத்தார்கள். மாடியில் கூடுதலாக ஒரு அறை கட்டியிருந்தார் என்பது குற்றம். அடுத்த கட்டடத்திலும் அதே அளவு மீறல் இருந்தது, அதைத் தொடவில்லை. கடன் வாங்கிக் கொள்முதல் செய்த சரக்கு உள்ளே, மனிதர் வெளியே. அந்த வருடத்து வட்டியிலிருந்து அவர் மீண்டு வர மூன்று ஆண்டுகள் ஆயின. இப்படி ஆளுக்கொரு அளவுகோல் இருந்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

இன்னொன்று. மதுரை பழைய நகரம். ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று கோயிலைச் சுற்றி அமைந்த ஊர். பத்தடி அகலமும் அறுபதடி நீளமுமான கடைகள். பக்கத்துச் சுவரும் நம் சுவரும் ஒன்றே. புதிதாகப் பிளாட் போட்ட நகருக்கு எழுதிய விதியை அப்படியே இங்கே வைத்தால், பக்கத்துக்கு இத்தனை அடி விட்டபிறகு கடை எங்கே இருக்கும்? நடைபாதைதான் இருக்கும். போதாக்குறைக்குக் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் உயரம் கூடாது என்று 1997இல் வந்த ஆணையும் உண்டு. கோபுரம் மறையக்கூடாது என்பதற்கான அந்த விதியை மதுரைக்காரர்கள் நாம் மனதார ஏற்க வேண்டும். ஆனால் பக்கத்திலும் விட முடியாது, மேலேயும் போக முடியாது என்றால் வியாபாரி என்ன செய்வான் என்பதற்கு ஒரு வழி சொல்வது ஆள்வோர் கடமை.

ஆகவே மனக்குறை நியாயமானது. அதற்குக் கேட்கும் மருந்துதான் தவறு.

வரன்முறை ஏன் மருந்தாகாது?

வரன்முறை நமக்குப் புதிதல்ல. 1999 பிப்ரவரி வரை கட்டிய விதிமீறல் கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு வந்தது. பிறகு 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கு 113-சி வந்தது. ஒவ்வொரு முறையும் இதுவே கடைசி என்றார்கள். ஒவ்வொரு முறையும், அடுத்ததும் வரும் என்று நம்பிக் கட்டினவர்கள் இருந்தார்கள். வழக்குகளும் தொடர்ந்தன.

சென்னை தியாகராய நகரில் 2011 அக்டோபர் 31 அன்று வரிசையாகக் கடைகளுக்குச் சீல் வைத்தது நினைவிருக்கும். 2012 ஜனவரியில் பொங்கல் வியாபாரத்தை ஒட்டி உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. மைதானத்துக்குத்தான் சலுகை, கடைக்கு இல்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. நீதிமன்றம் இரக்கம் காட்டும். ஆனால் தற்காலிகம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த வங்கியும் கடன் தராது. எந்த வியாபாரியும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. கட்டணம் செலுத்தினால் ரசீது கிடைக்கும். ரசீது சந்தை அகலமாக்காது. மாடிப்படியை இரண்டாக்காது. தீ வந்தால் ரசீதைப் பார்த்து அது ஒதுங்கிப் போகாது. சேப்பாக்கத்தில் பணத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவா? அவர்களே கடைசியில் கடப்பாரையைத்தான் எடுத்தார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

மனுக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுப்போம். எதைக் கேட்பது என்பதில்தான் மாற்றம் வேண்டும்.

முதலாவது, பழைய நகரின் சிறு மனைகளுக்கென்று தனி விதி வேண்டும். கடைக்குக் கடை பக்கவாட்டில் இடம் விடுவதற்குப் பதிலாக, ஒரு தெருத் துண்டுக்கு ஒரு பொது வழி, தீயணைப்புக்கு ஒரு பொதுத் தண்ணீர்க் குழாய், மாடிக்கு மாடி தப்பிச் செல்ல ஒரு வழி என்று அமைக்க முடியுமா என்பதைப் பொறியாளர்களும் தீயணைப்புத் துறையினரும் நம்மோடு உட்கார்ந்து பேசட்டும். அதற்கு இடமும் செலவும் தர நாம் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கட்டும்போதே வந்து பார்க்க வேண்டும். 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் வேலை நடக்கும் நிலையிலேயே பார்வையிட வழி இருக்கிறது. அது ஒழுங்காக நடக்கட்டும். அஸ்திவாரத்தின்போது வராதவர்கள் பெயிண்ட் அடித்த பிறகு வருவதும், தீபாவளிக்கு முந்தின வாரம் வருவதும் நிற்க வேண்டும். சேப்பாக்கத்திலும் அந்த இடைவெளி வரைபடத்திலேயே தெரிந்திருக்கும். அஸ்திவாரத்துக்கு முன் பேசித் தீர்த்திருந்தால் ஒன்பது ஆண்டு மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, ஒரு தெருவுக்கு ஒரே அளவுகோல். சீல் வைக்கிறார்கள் என்றால் எந்தெந்தக் கட்டடம், என்ன மீறல், சரிசெய்ய எத்தனை நாள் அவகாசம் என்று பட்டியலாக ஒட்டட்டும். ஒளிவுமறைவு இல்லாவிட்டால் பாதிக் கோபம் குறையும்.

நான்காவது, நம் ஊரின் பொது அரங்கங்கள் பற்றியது. ரேஸ்கோர்ஸில் டாக்டர் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் இருக்கிறது. 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் சென்னையோடு மதுரையிலும் நடந்தன. அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஜல்லிக்கட்டு அரங்கம் திறந்தார்கள். தமுக்கத்தில் 2022இல் மாநாட்டு மையம் வந்தது. ஊர் வளர்கிறது, வரவேற்கிறோம். இனி எந்த அரங்கத்தைக் கட்டினாலும் புதுப்பித்தாலும், வேலை தொடங்கும் முன்பே அனுமதிகள் முழுவதும் கையில் இருக்க வேண்டும். அண்டை அயலாரோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். சுற்றிக் கடை வைத்துப் பிழைப்பவர்களுக்கு எங்கே மாற்றிடம், எத்தனை மாதம் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். புது மண்டபத்துக் கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறியபோது அந்த வியாபாரிகள் பட்ட அலைச்சலை நாம் கண்டோம். பங்குதாரர் பத்திரம் எழுதாமல் கடை தொடங்கக்கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லித்தந்தது அரங்கத்துக்கும் பொருந்தும்.

நாம் செய்ய வேண்டியவை

அரசிடம் கேட்பவன் முதலில் தன் வாசலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் யாருடைய அனுமதியும் தேவையில்லை, செலவும் அதிகமில்லை.

மாடிப்படியில் சரக்கு அடுக்குவதை நிறுத்துவோம். படி என்பது ஆட்கள் இறங்க. அட்டைப் பெட்டி ஏற்றி வைக்க அல்ல. பின்வாசலை வியாபார நேரத்தில் பூட்டி வைக்க வேண்டாம். திருட்டுக்குப் பயந்தால் ஒரு ஆளை உட்கார வைப்போம். பிராட்போர்டிலும் பூட்டுக்குக் காரணம் இருந்திருக்கும்.

மொத்தச் சரக்கைக் கடைக்குள் கொண்டுவந்து அடைப்பதைக் குறைப்போம். கீழமாசி வீதி மொத்த வியாபாரிகள் நாம் பலரும் ஊருக்கு வெளியே கிட்டங்கி வைத்திருக்கிறோம். கடையில் மாதிரியும் அன்றாட விற்பனைக்கான சரக்கும் இருந்தால் போதும். ஜவுளிக் கடைக்காரர்களும் பட்டாசு, பிளாஸ்டிக் வியாபாரிகளும் பண்டிகைக் காலத்தில் இதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். லோடு ஏற்றும் கூலி கொஞ்சம் கூடும் என்பது உண்மை. நவபத்கானா தெருவில் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் அது கூலியே அல்ல.

பழைய ஒயரை மாற்றுவோம். இருபது வருடத்துக்கு முன் நான்கு டியூப்லைட்டுக்குப் போட்ட ஒயரில் இன்று ஏ.சி.யும் கம்ப்யூட்டரும் கேமராவும் ஓடுகின்றன. வருடம் ஒருமுறை கணக்கு முடிப்பதுபோல வருடம் ஒருமுறை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

தெருவில் கடைக்கு முன் நீட்டிய தகரமும் பலகையும் தீயணைப்பு வண்டியின் வழியை அடைக்கின்றன. தீபாவளி, சித்திரைத் திருவிழா நாட்களுக்கு முன்பாவது, தெருவுக்கு ஐந்து பேர் சேர்ந்து தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து, வண்டி உள்ளே வருகிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். வராவிட்டால் எங்கே மாட்டுகிறது என்பது நம் கண்ணுக்கே தெரியும். யாருடைய தகரம் என்பதும் தெரியும்.

இந்த நான்கையும் செய்துவிட்டுப் போய்க் கேட்டால் அதிகாரிகள் நம் மனுவைப் படிப்பார்கள். ஒன்றும் செய்யாமல் வரன்முறை கேட்டுப் போனால், இன்னும் ஒரு கூட்டம் சலுகை கேட்டு வந்திருக்கிறது என்று ஓரமாக வைத்துவிடுவார்கள்.

பொதுக்குழுவுக்கு நம் வேண்டுகோள் இதுதான். வரன்முறைத் தீர்மானத்தை எழுதியவர்கள் அதை விலக்கிக்கொண்டு, பழைய நகருக்குத் தனி விதியும் ஒரே அளவுகோலும் கேட்கும் தீர்மானமாக மாற்றிக் கொண்டுவரட்டும். கூடவே, ஒவ்வொரு தெரு உறுப்பினர்களும் அடுத்த தீபாவளிக்குள் தத்தம் கடைப் படியையும் பின்வாசலையும் சரி செய்வோம் என்று இரண்டாவது தீர்மானம் ஒன்றும் வரட்டும். முதல் தீர்மானத்தை நாம் முன்மொழிகிறோம். இரண்டாவதை, நவபத்கானா தெருவில் கடை வைத்திருக்கும் உறுப்பினர் யாரேனும் முன்மொழிந்தால் நன்றாக இருக்கும்.